நீ பேசி மூடிய வகுப்பு

மகனே,

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஒன்றாம் வகுப்பை மூடிவிட்டார்கள். மூடியவர் மேனேஜர். தலையாட்டியவர் ஹெட்மாஸ்டர். கை கட்டிப் பார்த்து நின்றவர்கள் நம் கோயில் சபையார். ஆனால் ஏன் மூடினீர்கள் என்று கேட்டால் எல்லோரும் உன்னைத்தான் காட்டுகிறார்கள். நெய்யாற்றின்கரை சேவைக் கிளப்பில் நவீன கல்வியைப் பற்றி நீ பேசிய பேச்சுதான் அவர்கள் கையில் இருக்கும் சாவி. அதை நீயே செய்து, நீயே அவர்கள் கையில் கொடுத்தாய். இது அநியாயம். அநியாயத்தைச் செய்தவன் என் மகன் என்பதற்காக அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரச்சீனிக் கிழங்கு விளைதான் கிடக்கிறது. கூப்பிட்டால் கேட்கும். அப்படியிருந்தும் எழுதுகிறேன் என்றால், நேரில் பேசினால் நீ ஜெயித்துவிடுகிறாய். நீ பேசப் படித்தவன். எனக்குக் கோபம் வந்தால் சொல் வராது, சத்தம்தான் வரும். எழுதும்போது சத்தம் போட முடியாது, அது நல்லது. இதை வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நின்று வாசிக்கப் போகிறேன். நீ நாலு பேர் முன்னால் பேசினாய், நானும் நாலு பேர் முன்னால்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஊர் கேட்பதற்கு முன் நீ வாசித்திருக்க வேண்டும் என்று உன் அம்மா பிடிவாதம் பிடித்தாள். இந்த வீட்டில் என்னைவிடப் பிடிவாதக்காரி அவள் ஒருத்திதான். அதனால்தான் இது அவள் கையால் உனக்கு வருகிறது.

அந்தச் சாயங்காலத்தை முதலில் சொல்கிறேன், நான் தப்பாகக் கேட்டேன் என்று நீ சொல்லாமல் இருப்பதற்காக. கிளப்பின் மாடியில் வக்கீல்கள், டாக்டர், மரத்தடி வியாபாரிகள் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். உன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நீ எழுந்து நின்றபோது, பக்கத்தில் இருந்தவரிடம் “எனக்க மகனாக்கும்” என்று சொன்னேன். நீ பாதி மலையாளத்திலும் பாதி இங்கிலீஷிலும் பேசினாய். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் தமிழ் வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். அது போகட்டும். முதல் பாதி நன்றாக இருந்தது. பிரம்பு வேண்டாம் என்றாய். பயந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்றாய். பயறு விதைத்து முளைப்பதைப் பார்க்கிற பிள்ளை, கரும்பலகையைப் பார்க்கிற பிள்ளையைவிட அதிகம் படிக்கும் என்றாய். கையால் ஒரு வேலை செய்து படிப்பதுதான் புதிய கல்வி என்றாய். பிள்ளைக்குத் தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குப் போக வேண்டும் என்று இங்கிலீஷில் சொல்லி, பிறகு மலையாளத்திலும் சொன்னாய். நான் அதை மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தாய். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பாஷையில் வகுப்பு நடத்துவது போன காலத்துச் சுமை என்றாய். எல்லைக்கோடு போட்டாயிற்று, கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நெய்யாற்றின்கரை இந்தக் கேரளப் பக்கம் நின்றுவிட்டது, இனி பிள்ளைகளைப் பழைய சண்டைக்குள் உட்கார வைக்கக் கூடாது என்றாய். கடைசியில், “இவிடெ ஏது அப்பனோடும் அம்மயோடும் மலையாளத்தில் சோதிச்சு நோக்கு, மறுபடி மலையாளத்தில்தன்னெ வரும்” என்றாய். எந்த அப்பன் அம்மாவிடமும் மலையாளத்தில் கேட்டுப் பார், பதில் மலையாளத்தில்தான் வரும் என்று. எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். தலைமை தாங்கிய வக்கீல் எழுந்து, “ஒரு தமிழ் மாஷ் தன்னெ பறஞ்ஞல்லோ, இனி எந்து வேணம்?” என்றார். தமிழ் வாத்தியாரே சொல்லிவிட்டார், இனி என்ன வேண்டும் என்று. அதற்கும் கை தட்டினார்கள். உனக்கு மாலை போட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாலை உன் மடியில் இருந்தது. “எப்படி இருந்து அப்பா?” என்று கேட்டாய்.

“முதல் பாதி நல்லா இருந்து.”

“மத்தப் பாதி?”

“அது உனக்க பேச்சு இல்லடே. அவியளுக்குப் பிடிக்கதுக்கு வேண்டிப் பேசினது.”

நீ ஜன்னல் பக்கம் திரும்பினாய். அன்றிலிருந்து இன்றுவரை நாம் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அந்த பஸ் பயணத்துக்குக் காணாது.

நீ சொன்ன அந்தக் கடைசி வார்த்தை உண்மை. அதனால்தான் அது இவ்வளவு கெடுதல் செய்தது. யார் எந்த பாஷையில் கேட்கிறார்களோ அந்த பாஷையில் பதில் சொல்வது நம் ஊர் மரியாதை. மலையாளத்தில் கேட்டவனுக்குத் தமிழில் பதில் சொன்னால் முகத்தில் அடித்தது போல. சந்தையில் அப்படி, வில்லேஜ் ஆபீஸில் அப்படி, கல்யாண வீட்டுப் பந்தியிலும் அப்படி. உன் அம்மா வாசலுக்கு வருகிற மீன்காரியோடு மலையாளத்தில் விலை பேசுவாள், திரும்பி உள்ளே பார்த்து என்னைத் தமிழில் வைவாள். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. எனக்கு மலையாளம் பகையும் இல்லை. ஆனால் வந்தவனுக்கு வாசலில் பாய் போடுகிறவனைப் பார்த்து, இவனுக்குச் சொந்தமாகப் பாய் இல்லை என்று எழுதிக்கொண்டு போவார்களா? நீ அதைத்தான் எழுதிக் கொடுத்தாய். வெளியூர்க்காரன் சொல்லியிருந்தால் தெரியாமல் சொன்னான் என்று விட்டிருப்பேன். அது மரியாதை என்று தெரிந்த வீட்டில் பிறந்தவன் நீ.

அந்த மரியாதையை நான் விட்ட நாளும் உனக்குத் தெரியும். தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட போராட்ட வருஷத்தில், ஜாதா ஊர்வலத்தில் போன எங்களைச் சந்தை முக்கில் மறித்து ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். எனக்கு முன்னால் நின்றவன் நம் வடக்கு வீட்டு ஞானம்மாளின் புருஷன். இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் பேரும் வீடும் கேட்டார். அவன் வழக்கம்போல மலையாளத்தில் சொன்னான். “நீ மலையாளியல்லேடா, இவன்மாருடெ கூடெ எந்தினு நடக்குன்னு? போ” என்று, மலையாளிக்கு இவர்களோடு என்ன வேலை என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அடுத்து என்னைக் கேட்டார்கள். நான் தமிழில் சொன்னேன். திரும்பவும் மலையாளத்தில் கேட்டார்கள். திரும்பவும் தமிழில் சொன்னேன். என் வலது தோள் இன்று வரைக்கும் காதுக்கு மேலே உயராததற்குக் காரணம் அவ்வளவுதான். மறுநாள் அவன் வந்து என் கட்டில் பக்கத்தில் இருந்து அழுதான். “அண்ணாச்சி, நான் வேணும்ணு சொல்லல்ல. அவரு கேட்டாரு, வாயில அப்படி வந்துபோச்சு” என்றான். அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அன்றிலிருந்து நான் மட்டும் யார் எந்த பாஷையில் கேட்டாலும் தமிழில்தான் பதில் சொல்கிறேன். டிக்கெட் கொடுக்கிற இடத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நீ இதற்கு என்ன சொல்வாய் என்றும் தெரியும், ஏனென்றால் சொல்லியாயிற்று. “அண்ணைக்கு நீங்க வெளிய வந்தது எனக்க மலையாளத்துனால ஆக்கும்” என்றாய். சரிதான். வாத்தியார் டிரெயினிங் ஸ்கூலில் இருந்து ஓடி வந்து, இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, அவரே நாற்காலி இழுத்துப் போடுகிற மாதிரி மலையாளத்தில் பேசினாய். என்னை விட்டார்கள். அதை நான் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. நீ சின்னவனாக இருந்தபோது மலையாளத்தை நன்றாகப் படி என்று உன்னை உட்கார வைத்தவனே நான்தான். அதை இன்றும் தப்பென்று நினைக்கவில்லை. ஆனால் நீ எப்படிப் படித்தாய் என்று யோசி. இதே பள்ளிக்கூடத்துத் தமிழ் வகுப்பில் எழுதவும் வாசிக்கவும் படித்து, கதை வாசித்து, கணக்குப் போட்டு, அதற்குப் பிறகல்லவா மலையாளப் புத்தகத்தைத் திறந்தாய்? நீ இரண்டையும் வைத்துக்கொண்டு, வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று போதும் என்கிறாய். உனக்குக் கிடைத்தது அவர்களுக்கு எதற்கு என்று கேட்க உனக்கு எங்கிருந்து மனம் வந்தது?

நான் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் இல்லை. வளர்ந்த பிறகுதான் எழுத்துப் படித்தேன், யாரும் சொல்லித் தரவில்லை. கோயிலில் கீர்த்தனை பாடும்போது புத்தகம் வைத்திருப்பவருக்குப் பின்னால் போய் நிற்பேன். பாட்டு எனக்கு முழுவதும் மனப்பாடம். அவர் விரல் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே என்ன சத்தம் இருக்கிறது என்று எனக்கு முதலிலேயே தெரியும். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு எழுத்துக்குப் போனேன். அடுத்த ஈஸ்டருக்குள் வேதபுத்தகத்தைத் தட்டுத் தடுமாறி வாசித்தேன். தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குப் போக வேண்டும் என்று நீ இங்கிலீஷில் சொன்னாயே, அது இதுதான். அதைச் சொன்ன வாயாலேயே நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததைப் பிடுங்கிவிட்டாய்.

ஓணம் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது தமிழ் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மலையாள வகுப்பில் பின்னால் உட்கார வைத்தார்கள். தமிழ் டீச்சரை அம்பூரிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மலைக்குப் பஸ் ஏறிப் போவதற்கு முன் அவள் என்னிடம் வந்து, “உங்க மகன் சொன்ன பெறவு நான் யாருட்ட போய்க் கேக்க?” என்று மட்டும் சொன்னாள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஞானம்மாளின் மூத்தவள் லில்லி. சந்தையில் மலையாளம் பேசுகிற பிள்ளைதான். ஆனால் புத்தகத்து மலையாளம் சந்தையில் கிடைக்காது. அப்போதுதான் தமிழ் எழுத்து கைக்கு வந்திருந்தது. அதை மறந்துவிட்டு வேறு எழுத்து எழுது என்றார்கள். இரண்டும் குழம்பி ஒன்றும் எழுதாமல் இருந்தாள். மந்தம் என்று சொன்னார்கள். கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டில் நின்றவள் அதற்குப் பிறகு போகவே இல்லை. நீ சொன்னபடி யாரும் அவளைப் பிரம்பால் தொடவில்லை.

இப்போது லில்லி எங்கே இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லை. என் முற்றத்தில் இருக்கிறாள். மழைக்கு முன்னால் மரச்சீனியை அரிந்து காயப்போட்டு எடுக்க வேண்டும், ஆள் வேண்டும், ஞானம்மாளோடு அவளும் வருகிறாள். கூலி நான்தான் கொடுக்கிறேன். வர வேண்டாம் என்று சொன்னேன். “இங்க வரல்லண்ணா முந்திரி ஆபீசுக்குக் கொட்டை உடைக்க அனுப்பணும் அண்ணாச்சி, அதுக்கு இது நல்லது” என்றாள் தாய். கையால் வேலை செய்து படிப்பதுதான் புதிய கல்வி என்றாயல்லவா? வேலியருகே வந்து பார். பெருவிரலில் துணி சுற்றிக்கொண்டு உன் புதிய கல்வியைப் படிக்கிறாள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வழி இருந்தது. நாங்கள் சிலர் போய் நின்றதில், பள்ளி திறப்பதற்குள் போதுமான பிள்ளைகள் சேர்ந்தால் தமிழ் ஒன்றாம் வகுப்பைத் திரும்பவும் நடத்தலாம் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். நான் கொல்லயில் ஊர் வரைக்கும் வீடு வீடாக நடந்தேன். வருகிறோம் என்றார்கள். பேர் சேர்க்கும் நாளில் வரவும் செய்தார்கள். ஹெட்மாஸ்டர் வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஞானம்மாள் தன் இளையவனைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றாள். வீட்டில் வைத்து நான் சொல்லிக் கொடுத்திருந்தேன், தமிழ் என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று.

“குட்டிக்கு ஏது கிளாஸ் வேணம்?” என்று அவர் கேட்டார்.

“தமிழ் மதி ஸாறே” என்றாள் அவள். தமிழ் போதும் என்பதையும் மலையாளத்தில் சொன்னாள்.

அவர் சிரித்தார். “நல்ல மலையாளம் பறயுன்னல்லோ. பின்னெ எந்தினா தமிழ்?”

அவள் தலை குனிந்தாள். முந்தானையை வாயில் வைத்துச் சிரிக்கவும் செய்தாள். பிறகு, “ஸாறின்ற இஷ்டம் போலெ” என்றாள். அவர் மலையாளம் என்று எழுதிக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் அப்படியே சொன்னார்கள். கேட்ட பாஷையில் மரியாதையாகப் பதில் சொல்லி, தங்கள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

வெளியே வந்து ஞானம்மாளிடம் சண்டை போட்டேன். “எத்தன வாட்டி சொல்லித் தந்தேன் உனக்கு? தமிழ்ல சொன்னா நாக்கு அறுந்தா போவும்?”

“அவரு மலையாளத்துல கேக்கியாரு, நான் தமிழ்ல சொன்னா அவருக்கு வெப்ராளமா, வருத்தமா இருக்காதா?” என்றாள். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. “என்னெ மட்டும் பறையுதீயளே, உங்க மகன் வாத்தியாரு. அவருக்க பிள்ளையும் இந்த வருஷம்தானே சேரணும்? வாத்தியாருக்க பிள்ளை எங்க இருக்கோ, எனக்க பிள்ளையும் அங்க இருக்கும். அவியளுக்கு வேண்டாத தமிழ் எனக்கு என்னத்துக்கு? எங்கள மட்டும் கொண்டு கெணத்துல தள்ளலாம்ணு பாக்கியளா?”

பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். உன் மகள் பியூலா எந்த வகுப்பில் சேர்கிறாளோ அந்த வகுப்பு இருக்கும். மற்றது இல்லாமல் போகும். இது நான் கண்டுபிடித்த வாதம் இல்லை, ஊர் சொல்வது.

அன்று சாயங்காலம் நான் உன் வீட்டுக்கு வந்தேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. “அப்பா, கோடு போட்டாச்சு. இனி இங்க தமிழ் படிச்சிட்டு இந்தப் பிள்ளையள் எங்க போவும்? கோர்ட்டு மலையாளம், ஆபீசு மலையாளம். நீங்க பிடிவாதம் பிடிக்கியது உங்க தோளுக்கு வேண்டி. பிள்ளையளுக்கு வேண்டி இல்ல.” நான் எழுந்து வந்துவிட்டேன். உன் மனைவி காப்பி கொண்டு வந்து நின்றாள், அதையும் வாங்கவில்லை. அதற்காக அவளிடம் மட்டும் வருத்தம் சொல்கிறேன்.

பல நாள் யோசித்துவிட்டுப் பதில் சொல்கிறேன். தோளுக்காகத்தான் என்றே வைத்துக்கொள். தோள் போனவன் சொல்வதாலேயே அது பொய்யாகிவிடுமா? கோடு போட்டவர்கள் எங்களைக் கேட்டுப் போடவில்லை. அந்தப் பக்கம் போனவர்களுக்கு வெற்றி விழா நடந்தது, இந்தப் பக்கம் நின்றவர்களை அவர்களும் மறந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளைச் சந்தையில் என் வண்டியை நிறுத்தி எந்த மாநிலத்துக் கிழங்கு என்று கேட்கிறார்கள். எங்களுக்கு மிஞ்சியது ஒரு கோயிலும் ஒரு வகுப்பும். கோயிலில் பாடலாம். வகுப்பு இல்லாவிட்டால், பாடுகிறவன் கையில் இருக்கும் புத்தகம் அவனுக்கு வெறும் காகிதம். பியூலா என் பக்கத்தில் நின்று கீர்த்தனை பாடுகிறாள், முழுவதும் மனப்பாடம். என் விரல் நிற்கும் இடத்தை எட்டிப் பார்க்கிறாள். அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும், நானும் அங்கே நின்றவன். பிள்ளைகள் எங்கே போகும் என்று கேட்டாய். லில்லி போன இடத்துக்குப் போகும். நன்றாகப் படித்த வீட்டுப் பிள்ளை எதில் சேர்ந்தாலும் தப்பிக்கும், உன் மகளும் தப்பிப்பாள். அவள் கூட உட்காரப் போகிறவர்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். பள்ளி திறக்கும் நாள் காலையில் நீ பியூலாவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வராந்தாவுக்குப் போக வேண்டும். உன் மனைவியை அனுப்பக் கூடாது, நீயே போக வேண்டும். ஹெட்மாஸ்டர் மலையாளத்தில் கேட்பார். உனக்கு அவரைவிட நல்ல மலையாளம் தெரியும், அதனாலேயே நீ தமிழில் பதில் சொல்ல வேண்டும், பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி. பிறகு கிளப்புக்குப் போய், அதே மாடியில் நின்று, நம் ஜனங்கள் மலையாளத்தில் பதில் சொல்வது மரியாதைக்காக என்றும், அதை வைத்து வகுப்பை மூடியது தப்பு என்றும் சொல்ல வேண்டும். மாலை போட மாட்டார்கள்.

ஹெட்மாஸ்டர் தமிழ் வீட்டுப் பெற்றோரைத் தமிழில் கேட்க வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியும், நம் விளையில் தேங்காய் வாங்க வரும்போது பேசுகிறார். அந்த ஒன்றைச் செய்தால் போதும், நம் மரியாதையே மற்றதைப் பார்த்துக்கொள்ளும். மேனேஜர் டீச்சரை அம்பூரியில் இருந்து திரும்பக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். போதகர் இதை நான் முற்றத்தில் வாசிக்கும்போது உள்ளே போய்க் கதவை அடைக்காமல் வெளியே வந்து நின்று கேட்க வேண்டும். ஞானம்மாள் தன் இளையவனின் பேரை மாற்றி எழுதச் சொல்ல வேண்டும், லில்லியையும் கூட அழைத்துக்கொண்டு போக வேண்டும். இளையவர்கள் நடுவில் உட்காரக் கூச்சப்படுவாள், பரவாயில்லை. திங்கட்கிழமை முதல் அவளை என் முற்றத்தில் வேலைக்கு விட மாட்டேன், மழையில் கிழங்கு அழுகினாலும் சரி. அவள் கூலி தாயின் கூலியோடு சேர்ந்து போகும். உன் அம்மா இதை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ வாசித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.

பியூலா செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அவளிடம் பேர் கேட்டால் எந்த பாஷையில் வருகிறதோ அந்த பாஷையில் சொல்லட்டும். யாரும் அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டக் கூடாது, நானும்தான்.

நான் செய்ய வேண்டியது, அன்று காலையில் பள்ளிக்கூட வாசலில் போய் உட்காருவது. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கியிருக்கும், குடை கொண்டுபோவேன். நீ அவளோடு வருவதைக் கண்டால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவேன், ஒரு வார்த்தையும் கேட்க மாட்டேன். நீ வராவிட்டால், மணி அடித்த பிறகும் அங்கேதான் இருப்பேன். எதற்கு இருக்கிறீர் என்று யாராவது கேட்பார்கள். எந்த பாஷையில் கேட்டாலும் தமிழில் சொல்வேன்.

இப்படிக்கு,
அப்பா